காஸுக்கு முன் கதவைப் பாருங்கள்

கார் ஏ.சி.யில் குளிர் குறைந்தால் பலரும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள். கோளாறோ சில சமயம் டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய பிளாஸ்டிக் பலகையில் இருக்கிறது.

டில்லியில் மே மாதப் பிற்பகல், வெயில் 44 டிகிரி. ஏ.சி.யை முழுதாகத் திருகியாகிவிட்டது. காற்று சீறிக்கொண்டு வருகிறது, குளிர்தான் இல்லை. முன்னே போகும் லாரியின் டீசல் நாற்றம் மட்டும் குறைவில்லாமல் உள்ளே வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பல இடங்களில் பானெட்டைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும்: காஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்.

காஸ் என்ன, பெட்ரோலா எரிந்து தீர்வதற்கு? மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைத் தேடாமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. தவிர, காஸ் குறைந்தால் குளிர் குறையுமே ஒழிய லாரிப் புகை உள்ளே வராது. புகையும் வந்தால் சந்தேகப்பட வேண்டியது வேறு ஒன்றை.

டேஷ்போர்டில் ஒரு காரின் படம், அதற்குள் வளைந்த அம்பு - இந்த பட்டனை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதை அழுத்தினால் வெளிக்காற்று வரும் வழி அடைபட்டு, காருக்குள் இருக்கும் காற்றே திரும்பத் திரும்பக் குளிர்விக்கப்படும். 44 டிகிரி காற்றைக் குளிர்விப்பதைவிட, ஏற்கெனவே 28 டிகிரிக்கு இறங்கிவிட்ட காற்றை மேலும் குளிர்விப்பது ஏ.சி.க்குச் சுலபம். வழியை அடைப்பதும் திறப்பதும் ஒரு பிளாஸ்டிக் கதவு. பழைய கார்களில் நெம்புகோலைத் தள்ளினால் ஒரு கேபிள் அதை இழுக்கும். இப்போதைய கார்கள் பலவற்றில் அந்த வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்கிறது. பட்டனில் விளக்கு எரிவது கட்டளை போனதற்குத்தான் சாட்சி. கதவு அசைந்ததற்கு அல்ல.

கதவு திறந்தபடி சிக்கினால் குளிர் போகும், புகை வரும். டில்லியின் நவம்பர் மாதத்தில் இது வெறும் அசௌகரியம் இல்லை. காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 24 மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2009 முதல் இந்தியாவின் அளவுகோல். பயிர்த்தாள் எரிப்பும் பனிமூட்டமும் சேரும் நாட்களில் தலைநகரில் அது பல மடங்கு தாண்டிவிடுகிறது. அந்தக் காற்று நேராகப் பின்சீட்டுக் குழந்தையின் மூக்குக்குப் போகும்.

மூடியபடி சிக்கினால்? குளிர் பிரமாதமாக இருப்பதால் யாருக்கும் புகார் இருக்காது. அதுதான் வம்பு. வெளிக்காற்றில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 420 பங்கு கரியமில வாயு இருக்கிறது. நான்கு பேர் உட்கார்ந்து மூச்சு விடும் மூடிய காரில் இது சீக்கிரமே சில ஆயிரங்களுக்கு ஏறிவிடும். தலை கனக்கும், கொட்டாவி வரும். இரவு நெடுஞ்சாலையில் ஓட்டுநருக்கு வரும் அந்தக் கொட்டாவி உயிர் சம்பந்தப்பட்டது. மும்பை, கொச்சி மழையில் இன்னொரு தொல்லை: மூச்சின் ஈரம் வெளியேற வழியில்லாமல் முன்கண்ணாடியின் உட்புறம் மங்கும்.

வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். எஞ்சின் வேண்டாம், சாவியைத் திருப்பி ப்ளோயரை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். பட்டனை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்துங்கள். உள்காற்று நிலையில் ப்ளோயரின் இரைச்சல் சற்று உரத்துக் கேட்க வேண்டும். காற்றை இழுக்கும் வாய் அப்போது காருக்குள், பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் திறக்கிறது. சத்தம் மாறவே இல்லை என்றால் கதவு நகரவில்லை என்று கொள்ளலாம். ‘டக் டக்’ என்று விடாமல் கேட்டால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

சத்தத்தில் சந்தேகம் என்றால் ஊதுவத்தி இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒருவர் உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே, வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடைக்குப் பக்கத்தில் வத்தியைப் பிடிக்கட்டும். பட்டனை அழுத்திய பிறகும் உள்ளே மணம் தொடர்ந்து கமகமத்தால் கதவு சரியாக மூடவில்லை. எந்த நிலையிலும் மணமே வரவில்லை என்றால் மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது அந்தச் சல்லடையே அடைத்துக்கொண்டிருக்கலாம். ஒரு எச்சரிக்கை: கண்ணாடிப் பனியை விலக்கும் நிலையில் வைத்தால் பல கார்கள் தாமாகவே வெளிக்காற்றுக்கு மாறிவிடும். அதைக் கோளாறு என்று நினைத்துக் கழற்ற வேண்டாம்.

வேப்ப மரத்தடியில் நிற்கும் கார் என்றால் முதலில் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். இலைகள் அதன் வழியாக இறங்கிக் கதவின் ஓரத்தில் செருகிக்கொள்வது உண்டு. அடுத்தது கிளவ் பாக்ஸ். சாவியை எடுத்துவிட்டு டப்பாவைக் காலி செய்தால், பல மாடல்களில் இரு பக்கமும் உள்நோக்கி அழுத்தியதும் அது கீழே தொங்கும். பின்னால் ஃபில்டர் தெரியும் (சில மலிவு மாடல்களில் கிடையாது). சாம்பல் நிறமாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஃபில்டர் அடைத்தாலும் காற்று குறையும், பழி காஸ் மேல் விழும். டார்ச் அடித்துப் பார்த்தால் சில கார்களில் கதவே கண்ணுக்குத் தெரியும். இலை, காகிதம், எலி சேர்த்த பஞ்சு எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். எலி ஒயரையும் கடித்திருக்கும், அதையும் பாருங்கள். பிறகு ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் பார்க்கட்டும். மோட்டார் சுழன்றும் கதவு அசையாவிட்டால் இடையில் இருக்கும் பிளாஸ்டிக் கை கழன்றிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது. மோட்டாரே அசையாவிட்டால் ஃப்யூஸைச் சோதியுங்கள். கேபிள் வைத்த கார்களில் கொக்கி நழுவியிருந்தால் ஐந்து நிமிட வேலை.

மஞ்சள் நிற உறையோ இணைப்போ உள்ள ஒயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேகுக்குப் போகிறவை. புதிய மாடல்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் 2021 முதல் கட்டாயம். அது இருப்பது கிளவ் பாக்ஸுக்கு மேலேதான். காஸ் குழாய்களையும் வீட்டில் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் அந்தத் திரவம் பீறிட்டுத் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும்.

கதவு நன்றாக வேலை செய்தும் குளிர் இல்லையா? அப்போது காஸ், கம்ப்ரஸர், கண்டென்சர் எல்லாம் விசாரணைக்கு வரட்டும். “கசிவு எங்கே என்று காட்டிவிட்டு நிரப்புங்கள்” என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கத் தயங்காதீர்கள்.

கதவே முறிந்திருந்தால் சில கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும், செலவு பலமாக இருக்கும். அதுவரை சமாளிக்கக் கதவை ஏதாவது ஒரு நிலையில் கட்டி வைப்பவர்கள் உண்டு. கோடையில் மூடி வைத்துக் கட்டினால் நகருக்குள் சரி. நீண்ட பயணத்தில் கால் மணிக்கு ஒரு தடவையாவது கண்ணாடியை இறக்கி ஏற்ற வேண்டும். மழைக்காலம் தொடங்கியதும் கட்டை அவிழ்த்துத் திறந்த நிலைக்கு மாற்றிவிடுங்கள்.