பட்டமும் பெட்டியடியும்

ஒவ்வொரு வருஷமும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிவு வெளியாகிறது. அன்று தொடங்கி ஒரு மாத காலத்துக்கு எங்கள் அமராவதிபுதூரில் வேறு பேச்சே கிடையாது. கோயில் வாசலிலும், தேநீர்க் கடையிலும், காரைக்குடிக்குப் போகும் பஸ்ஸிலும் இரண்டு கேள்விகளே காதில் விழுகின்றன. "எந்தக் காலேஜ்?" என்பது ஒன்று. "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பது மற்றொன்று. மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை. பட்டம் வாங்கிய பிள்ளைக்கு முதற் சம்பளம் வரும் வரையில் எத்தனை வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட முடியும் என்பதே அந்தக் கேள்வி. குடும்பத்தின் பணமும் நிம்மதியும் கரைவது பெரும்பாலும் அந்த வருஷங்களில்தான் என்பது, உபாத்தியாயத் தொழிலில் இருபது வருஷம் பிள்ளைகளைப் பார்த்த எனது அபிப்பிராயம்.

இந்தச் சீமையின் பழைய மனிதர்கள் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். நகரத்தார் வீட்டுப் பையன் ஒருவன் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தும் வட்டிக் கணக்கும் கற்றுக்கொள்வான். மீசை அரும்பு முன்னரே கப்பலேறிவிடுவான். ரங்கூனிலோ, பினாங்கிலோ, கொழும்பிலோ ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக அமர்வான். கடை வாசலைப் பெருக்குவது முதல் பேரேட்டைப் பிரதி எடுப்பது வரை அவன் பாடந்தான். பிறகு அடுத்தாள், கைசுத்தமும் சாமர்த்தியமும் உடையவனானால் மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு என்று வரையறை உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே வீட்டாரிடம் கொடுத்துவிடுவார்கள். சாப்பாடும் படுக்கையும் கடைச் செலவு. மேலாளாக உயர்ந்தவனுக்கு லாபத்திலும் பங்கு கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். கற்பிப்பதற்கு ஆன செலவை ஏற்றவர் முதலாளி. பையனைப் பெற்றவர் அல்லர். வேலை முதலில் வந்தது. கல்வி அந்த வேலைக்குள் அடங்கியிருந்தது. சிங்கம்புணரியில் 1920-ஆம் வருஷம் பிறந்த ப. சிங்காரம், 1938-இல் சுமத்ராவிலுள்ள மேடானுக்குச் சென்று ஒரு வட்டிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார். கல்லூரிப் படி ஏறாத அவர் பிற்காலத்தில் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' என்ற நாவலைப் படித்தவர்களுக்கு, அந்தக் கடைகளில் எவ்வளவு விரிந்த உலகத்தைக் கற்க முடிந்தது என்பது தெரியும்.

'அந்தக் காலம் போல வருமா?' என்று பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஏற்பாடு பெரும்பாலும் ஒரு சமூகத்தின் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது. பெண்களுக்குக் கிட்டங்கியும் இல்லை, கப்பலும் இல்லை. உழவனுடைய பிள்ளைக்கும் வண்ணானுடைய பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்ததாகச் சொல்வதற்கில்லை. பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்கள் பதின்மூன்றில் 1938 வாக்கில் நிலத்தின் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பொருளாதார மந்தத்தில் கடன் அடைக்க முடியாத பர்மிய விவசாயியின் நிலம் அது. அவன் கண்ணில் கிட்டங்கி எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கணக்குப் புஸ்தகங்களை விட்டுவிட்டுக் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து ஊர் திரும்பியவர்கள் பல ஆயிரம். சுதந்திரம் பெற்ற பர்மா 1948-இல் நிலங்களைச் சர்க்காருக்கு எடுத்துக்கொள்ளச் சட்டம் செய்தது. அத்துடன் பெட்டியடிப் படிப்பும் முடிந்தது.

ரங்கூன் கதவு சாத்திய அதே காலத்தில் காரைக்குடியில் வேறொரு கதவு திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் புதிய கல்லூரிகள் வேண்டுமென்று பேசிய கூட்டத்திலேயே எழுந்து, தாம் ஒன்று நிறுவுவதாகக் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் வாக்களித்தார் என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைகளும் அறிந்த செய்தி. கல்லூரி 1947-லேயே தொடங்கிற்று. 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு வந்து மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1952-இல் பொறியியற் கல்லூரி. 1985-இல் அழகப்பர் பெயரால் ஒரு பல்கலைக்கழகமே. சாதி கேளாமல், ஆண் பெண் பாராமல் திறந்த கதவு இது. அமராவதிபுதூரிலிருந்து ஒரு பெண் காலையில் பஸ் ஏறிப் போய், மாலையில் விஞ்ஞானப் பட்டதாரியாகும் பாடத்தோடு வீடு திரும்ப முடிகிறது. அதன் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கிட்டங்கியில் இருந்த ஒன்றைக் கல்லூரி தன்னோடு கொண்டுவரவில்லை. படிப்பின் முடிவில் நாற்காலி ஒன்று காத்திருக்கும் என்ற உறுதியே அது. இது நேற்றுத் தோன்றிய வியாதியுமன்று. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931-ஆம் வருஷம் சொ. விருத்தாசலம் என்ற வாலிபர் பி.ஏ. பட்டம் பெற்றார். வயது இருபத்தைந்து. தகப்பனார் தாசில்தார், ஆயினும் பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் அமரவில்லை. சென்னைக்குப் போய்ப் பத்திரிகைகளுக்கு எழுதினார். எங்கள் ஊரில் 1898-இல் பிறந்த ராய. சொக்கலிங்கன் ஆசிரியராயிருந்த 'ஊழியன்' பத்திரிகையில் வேலை பார்க்கக் காரைக்குடிக்கும் வந்தார்; சிறிது காலமே நிலைத்தார். அவரைத்தான் தமிழுலகம் புதுமைப்பித்தன் என்று அறிகிறது. அவருக்கே அந்த அலைச்சலென்றால், பேனா பிடிக்கத் தெரியாத மற்றப் பட்டதாரிகளின் கதி என்னவாயிருக்கும்!

அன்று பி.ஏ. ஊருக்கு ஒருவர்; இன்று தெருவுக்குப் பத்துப் பேர். 2021-22-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கணக்குப்படி, கல்லூரி வயதிலுள்ள தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் தொகையை நூறென்று வைத்தால், உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் 47. தேசம் முழுவதற்கும் அது 28 சொச்சம். மகிழ வேண்டிய கணக்குத்தான். அதற்கு அடுத்த கணக்கையும் பார்ப்போம். அதே வருஷத்து வேலை நிலைமையை அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2023-இல் வெளியிட்டார்கள். வேலை செய்வோரும் வேலை தேடுவோருமான 25 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு வேலையில்லை. 35 வயதைத் தாண்டிய பட்டதாரிகளில் அப்படிப்பட்டவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. ஆகவே, இறுதியில் எல்லோரும் எதிலோ அமர்ந்துவிடுகிறார்கள். நடுவிலுள்ள பத்து வருஷத்தில் யார் எவ்வளவு காலம் காத்தார்கள், எதற்காகப் படித்து எதில் அமர்ந்தார்கள் என்பதுதான் கேள்வி.

செலவுக்கு வருவோம். உள்ளூர்ச் சர்க்கார் கலைக் கல்லூரியில் சேர்ந்து, வீட்டில் சாப்பிட்டுப் படிக்கும் பிள்ளைக்குக் கட்டணம் பெரும் பாரமில்லை. சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கு 2024 முதல் 'தமிழ்ப் புதல்வன்' வந்திருக்கிறது. சுயநிதிப் பொறியியற் கல்லூரிகளின் கதை வேறு. 2017-இல் கட்டணக் குழு வகுத்தபடி, கலந்தாய்வில் இடம் பெற்றவருக்கு வருஷம் 50,000 அல்லது 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000-க்கு மேல். குடும்பத்தின் முதற் பட்டதாரிக்கு 2010 முதல் சலுகை உண்டு. இவையெல்லாம் ரசீது உள்ள செலவுகள். விடுதி, சாப்பாடு, கைபேசி, நண்பனின் பிறந்த நாள், நாலு பேர் போல் சட்டை ஆகிய இவற்றுக்கு ரசீது கிடையாது. இதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெரியவர்கள், தாங்கள் கலியாண மொய்க்குச் செய்யும் கடனை ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது.

கையில் பணமில்லாதவர்கள் பாங்கிக்குப் போகிறார்கள். நான்கு லட்சம் வரை ஈடு கேளாமல் கல்விக் கடன் தருவதாக விதி இருக்கிறது. படிக்கும் காலமும், அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றதும் பெற்றோர் ஆறுதலடைகிறார்கள். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு விடுமுறை இல்லை. பேச்சுக்காக நூற்றுக்குப் பத்து என்று தனி வட்டி வைத்துக்கொள்வோம். வருஷத் தொடக்கத்தில் ஒரு லட்சமாக நான்கு முறை வாங்கினால், ஐந்தாம் வருஷ முடிவில் முதல் லட்சத்துக்கு ஐம்பதாயிரம், அடுத்ததற்கு நாற்பதாயிரம், பிறகு முப்பது, இருபது. ஆக வட்டி மட்டும் 1,40,000. முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடுகிறது. வட்டிக் கணக்கில் உலகத்துக்கே பாடம் சொன்ன சீமை இது. இங்கேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திடுகிறார்கள் என்பது எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

என்னிடம் கணக்குப் படித்த பெண் ஒருத்தி காரைக்குடிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்தாள். "படிக்க வைத்ததில் எனக்கு ஒன்றும் பெரிய செலவில்லை சார். அப்புறந்தான் சார் செலவு" என்றாள் அவள் தாயார். தேர்வாணையப் பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு, புஸ்தகம், மாதிரித் தேர்வு, வெளியூர்ப் பரீட்சை மண்டபத்துக்குத் துணைக்கு ஒருவரோடு பிரயாணம். இரண்டு வருஷம் ஆகியும் பெயர் பட்டியலில் வரவில்லை. இதற்கிடையே உறவினர்கள் ஜாதகம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேலையில்லாத பட்டதாரிப் பையனுக்கு ஊர் ஐந்து வருஷம் தவணை கொடுக்கிறது. பெண்ணுக்கு இரண்டு வருஷந்தான். அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 2022 ஜூலையில் நடந்த நான்காம் தொகுதிப் பரீட்சைக்கு அறிவித்த இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம். பிறகு இடங்களைப் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தினார்கள். அப்போதும் ஓரிடத்துக்கு இருநூறு பேருக்கு மேல். முடிவு வெளியானது 2023 மார்ச்சில். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அந்தப் பரீட்சைக்குப் பட்டதாரிகளும் பெருவாரியாகப் போய் உட்காருகிறார்கள்.

மற்றொரு மாணவன் இயந்திரப் பொறியியல் படித்தவன். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூவரோடு ஓர் அறையில் ஒன்றரை வருஷம் இருந்தான். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு தரகர் கூட்டத்தாரிடம் வீட்டு நகை ஒன்றின் விலையைக் கொடுத்து ஏமாந்தான். இப்போது உணவுப் பொட்டலம் கொண்டு கொடுக்கும் வேலை பார்க்கிறான். அவன் உழைத்துச் சாப்பிடுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வேலைக்கு நான்கு வருஷமும் ஐந்து லட்சமும் தேவைப்பட்டனவா என்பதே என் வருத்தம்.

கல்லூரிகளோ, பஸ் நிலையத்தில் ஆளுயரப் பதாகை வைக்கின்றன. வேலை கிடைத்த நாலு பிள்ளைகள் அதில் கழுத்துப் பட்டையோடு சிரிக்கிறார்கள். மற்றவர்கள் எங்கே என்று பதாகை சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

பரிகாரம் ஒன்றுமில்லையா? கிட்டங்கியின் நல்ல அம்சம் நம் சட்டப் புஸ்தகத்திலேயே இருக்கிறது. தொழிற் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 2014-இல் திருத்திய பிறகு, பொறியியல் படிக்காத பி.ஏ., பி.எஸ்ஸி. பட்டதாரிகளும் அதில் சேரலாம். 2019-இல் வகுத்த விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஸ்தாபனங்கள் தங்கள் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து பேர் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று அந்த 2019 விதிகள் வகுத்தன. இதற்கான தென்னிந்திய வாரியம் சென்னையில் இருக்கிறது. ஓசூரிலோ சென்னையிலோ 9,000 ரூபாயில் வாடகையும் கொடுத்துச் சாப்பிடுவது கஷ்டந்தான். ஒரு வருஷம் வேலை வாங்கிக்கொண்டு வழியனுப்பிவிடும் முதலாளிகளும் உண்டு. ஆயினும் திண்ணையில் கழியும் ஒரு வருஷத்தைவிட, பேரேடு தொட்ட ஒரு வருஷம் மேல். எங்கள் ஊரில் கடைசி வருஷ மாணவர்கள் பலரிடம் விசாரித்தேன். இப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. பதாகைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் கல்லூரிகள் இதைச் சொல்லச் செலவிடலாம்.

பெற்றோர்கள் மூன்று வருஷப் படிப்புக்கு ஐந்து வருஷக் கணக்கும், நான்கு வருஷப் படிப்புக்கு ஆறு வருஷக் கணக்கும் போட வேண்டும். அதற்குப் பணம் போதாதென்றால், படிப்பை விடச் சொல்லவில்லை. செலவு குறைந்த கல்லூரியைத் தேடுங்கள் என்கிறேன். பாடத்தைத் தீர்மானிக்கு முன், சென்ற வருஷம் அந்த வகுப்பை முடித்தவர்கள் ஒவ்வொருவரும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கல்லூரியாரைக் கேளுங்கள்.

இவ்வூர்த் தகப்பனார் ஒருவர் அப்படிக் கேட்டார். ஆபீஸ் குமாஸ்தா சிரித்துவிட்டு, "இதுவரை யாரும் கேட்டதில்லையே!" என்றாராம். விடாமல் இரண்டு முறை நடந்த பிறகு ஒரு காகிதம் கைக்கு வந்தது. பாதிப் பெயர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையையும் தாயாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று அன்றிரவுதான் அவர்கள் முதன்முதலாகப் பேசினார்கள்.