சுழல் பாலிஷ் பொறிக்கான பேட்கள்

சுழல் பாலிஷ் பொறிக்கான பேட்கள் என்பவை, மகிழுந்தின் வண்ணப்பூச்சில் உள்ள கீறல், மங்கல், நீர்க்கறை முதலியவற்றை நீக்கிப் பளபளப்பு ஏற்றப் பயன்படும் வட்ட வடிவ மெத்தைகள் ஆகும். பட்டறைகளில் இவை பஃபிங் பேட், ஸ்பாஞ்சு, கம்பளி பேட் எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன. பொறியின் முனையில் உள்ள தாங்கு தட்டில் பேட் பொருத்தப்படுகிறது. பேட்டின் மேல் இடப்படும் காம்பவுண்ட் அல்லது பாலிஷில் உள்ள நுண்துகள்கள் பூச்சின் மேற்பரப்பை மிக மெல்லியதாகச் சீவி எடுக்கின்றன. பொறி ஒன்றாகவே இருந்தாலும், பேட்டை மாற்றினால் வேலையின் தன்மை முற்றிலும் மாறிவிடும். பொருந்தாத பேட் பூச்சை நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்பதால், பேட் தேர்வே இவ்வேலையின் முதன்மையான முடிவாகும்.

சீவப்படுவது எது

இன்றைய மகிழுந்துகளில் பெரும்பாலானவை அடுக்குப் பூச்சு கொண்டவை. தகட்டின் மேல் அரிப்புத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கு மேல் நிறமற்ற கிளியர் கோட் என இவை அமையும். தொழிற்சாலைப் பூச்சின் மொத்தத் தடிமன் பொதுவாக 100 முதல் 140 மைக்ரான். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் மட்டுமே, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பாலிஷ் என்பது இந்த மெல்லிய அடுக்கில்தான் நடக்கிறது. ஒவ்வொரு காம்பவுண்ட் வேலையிலும் அதிலிருந்து சில மைக்ரான் குறைகிறது. குறைந்தது திரும்ப வளராது. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறப்பூச்சைக் காப்பதும் இந்த அடுக்கே. அது தேய்ந்த இடத்தில் பூச்சு வெளுத்து, பின்னர் செதிலாக உரியும். அப்போது அந்தப் பாகத்துக்கு மறுபூச்சு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளிலும், பல லாரி, பேருந்துகளிலும் கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பூச்சைக் காணலாம். இவற்றைத் தேய்க்கும்போது பேட்டில் வண்டியின் நிறமே ஒட்டும். அது இயல்பு. ஆனால் கிளியர் கோட் உள்ள வண்டியில் பேட்டில் நிறம் ஏறினால், அந்த இடத்தில் கிளியர் கோட் தீர்ந்துவிட்டது என்று பொருள். உடனே பொறியை நிறுத்த வேண்டும்.

சுழல் பொறியின் இயல்பு

சுழல் பொறியில் பேட் ஒரே அச்சில், ஒரே திசையில் சுழல்கிறது. இரட்டை இயக்கப் பொறியில் பேட் சுழல்வதோடு அதன் மையமும் இடம் மாறி ஆடுவதால் வெப்பம் பரவிவிடும். அழுத்தினால் அதன் சுழற்சி தளர்ந்தும் போகும். சுழல் பொறியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. விரைவாகச் சீவும், விரைவாகச் சூடேறும். கை நின்ற இடத்தில் பூச்சு எரியும்.

வேகத்தைச் சுற்று எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுவது தவறு. பேட்டின் விளிம்பு எவ்வளவு வேகமாகப் பூச்சின் மேல் ஓடுகிறது என்பதே முக்கியம். நிமிடத்துக்கு 1500 சுற்றில் 180 மி.மீ. பேட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்றில் 75 மி.மீ. பேட்டின் விளிம்பு 6 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். ஆகவே சிறிய பேட் மெதுவாகச் சீவும், குறுகிய இடங்களில் கட்டுப்பாடும் தரும். ஆனால் அது சிறிய பரப்பிலேயே சுற்றிச்சுற்றி வருவதால் அந்த இடம் சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்க, வெட்டுவதற்கும் அரைப்பதற்கும் உள்ள கிரைண்டரில் பாலிஷ் பேட்டை மாட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அத்தகைய கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் ஓடும். அதில் 125 மி.மீ. பேட்டின் விளிம்பு நொடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 260 கி.மீ. வேகத்தை எட்டுகிறது. பூச்சு நொடிப்பொழுதில் கருகும். பேட் தட்டிலிருந்து பிய்ந்து ஆளின் மேலும் பாயலாம். குறைந்த வேகத்தில் தொடங்கி 3000 சுற்றுக்குள் கட்டுப்படுத்தக்கூடிய பொறியே இவ்வேலைக்கு உரியது.

பேட் வகைகள்

கம்பளி பேட்: ஆட்டு ரோமம் அல்லது கம்பளி நூலால் ஆனது. இழைகளே பூச்சைச் சீவுவதால் இவ்வகையே மிக விரைவாக வேலை செய்யும். இழைகளுக்கு இடையே காற்று புகுவதால் கடினப் பஞ்சு பேட்டைவிடச் சூடு குறைவாகவே ஏறும். முறுக்கிய நூல் கொண்டவை கடுமையாகவும், முறுக்காத மென்ரோமம் கொண்டவை சற்று மென்மையாகவும் சீவும். வாட்டர் பேப்பர் போட்ட மறுபூச்சு, ஆழ்ந்த கீறல், மங்கிய ஒற்றை அடுக்குப் பூச்சு ஆகியவற்றுக்கு இது ஏற்றது. ஆனால் வேலை முடிந்தபின் வட்ட வட்டமான மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். ஆகவே கம்பளியோடு வேலை முடிவதில்லை. அதன்பின் பஞ்சு பேட் அவசியம்.

பஞ்சு பேட்: பாலியூரித்தேன் நுரையால் ஆனது. நுரையின் கடினத்தன்மையைப் பொறுத்து இது வெட்டும் பேட், பாலிஷ் பேட், இறுதி மெருகு பேட் என மூவகைப்படும். விரலால் அழுத்தும்போது எதிர்த்து நிற்பது வெட்டும் பேட். எளிதில் அமுங்கிக் கொடுப்பது இறுதி மெருகு பேட். திறந்த துளை நுரை காற்றை விடுவதால் சூடு தணியும், ஆனால் பாலிஷை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மூடிய துளை நுரை பாலிஷை மேற்பரப்பிலேயே நிறுத்தும்.

மைக்ரோஃபைபர் பேட்: நுரையின் மேல் நுண்ணிழைத் துணி ஒட்டப்பட்டது. இது பெரும்பாலும் இரட்டை இயக்கப் பொறிக்காகவே வடிவமைக்கப்படுகிறது. சுழல் பொறியில் இழைகள் விரைவில் படிந்து, சூடும் மிகுவதால், பேட் தயாரிப்பாளர் சுழல் பொறிக்கு உகந்தது எனக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

நிறத்தை நம்பலாமா

பேட் வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் நிறம். பேட்டின் நிறத்துக்குப் பொதுவான தரநிலை ஏதும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வரிசை வைத்துள்ளது. அமெரிக்காவின் லேக் கண்ட்ரி வரிசையில் மஞ்சள் என்பது வெட்டும் பேட், கறுப்பு என்பது இறுதி மெருகு பேட். இத்தாலியின் ரூப்பஸ் வரிசையில் நீலம் கடினமானது, மஞ்சள் மென்மையானது. ஒருவர் மஞ்சள் என்று சொல்லி அனுப்ப, கடைக்காரர் வேறு நிறுவனத்தின் மஞ்சளைக் கொடுத்தால் வேலை தலைகீழாகிவிடும். ஆகவே நிறத்தைச் சொல்லாமல் வேலையைச் சொல்லிக் கேட்பதும், உறையில் உள்ள விவரத்தைப் படிப்பதும், அழுத்திப் பார்ப்பதுமே நம்பகமான வழிகள்.

அளவும் தாங்கு தட்டும்

பெரும்பாலான சுழல் பொறிகளின் முனை எம் 14 திருகு கொண்டது. வாங்கும் தட்டு அதற்குப் பொருந்துகிறதா எனப் பார்க்க வேண்டும். பேட் தட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பது கட்டாயம். 125 மி.மீ. தட்டுக்கு 150 மி.மீ. பேட் என்பது வழக்கமான இணை. தட்டும் பேட்டும் ஒரே அளவாக இருந்தால், பொறி சற்றுச் சாய்ந்தாலும் தட்டின் கடினமான விளிம்பு பூச்சில் பட்டுப் பள்ளம் போடும். பேட்டை நடுவில் ஒட்டாவிட்டால் அது அதிர்ந்து ஆடும். வெல்க்ரோவின் கொக்கிகள் சூட்டில் உருகித் தேய்ந்திருந்தால் தட்டை மாற்றிவிட வேண்டும்.

பானட், கூரை ஆகிய அகன்ற பகுதிகளுக்கு 150 முதல் 180 மி.மீ., கதவுகளுக்கு 125 முதல் 150 மி.மீ., தூண், கண்ணாடி மூடி, பம்பரின் வளைவு ஆகியவற்றுக்கு 75 மி.மீ. பேட் ஏற்றவை.

விழுப்புரம், திண்டிவனம் பகுதியின் நிலைமை

சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் திண்டிவனமும் விழுப்புரமும் அமைந்துள்ளன. இப்பகுதி வண்டிகளின் பூச்சில் படிவது சாதாரணத் தூசி மட்டுமன்று. திருவக்கரை, வானூர் வட்டாரத்தில் கல் குவாரிகள் உள்ளன. கருங்கல் தூளில் உள்ள குவார்ட்சு, கிளியர் கோட்டைவிடப் பன்மடங்கு கடினமானது. இந்தத் தூள் படிந்த வண்டியை உலர்ந்த துணியால் துடைத்தாலே கீறல் விழும். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைப் போல ஆலை இயங்கும் இடங்களில், அரவைக் காலத்தில் கரும்புச் சக்கைச் சாம்பல் படியக்கூடும். அதிலும் சிலிக்கா உண்டு. மரக்காணம் பக்கம் உப்பளங்களும் கடற்காற்றும் உப்புப் படிவைத் தருகின்றன.

ஆகவே இங்கு பேட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வண்டியை நன்கு கழுவி, களிமண் கட்டியால் ஒட்டிய துகள்களை எடுப்பது இன்றியமையாதது. இல்லாவிடில் கல்தூள் பேட்டில் ஏறி, மென்மையான பேட்டும் உப்புத்தாளாகிவிடும். கீழே விழுந்த பேட்டையும் கழுவாமல் மறுபடி பூச்சில் வைக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரால் விழும் வெண்புள்ளிகளுக்கு உடனே கடினப் பேட்டை எடுக்கத் தேவையில்லை. புதிய கறைகளை நீர் கலந்த வினிகரால் துடைத்துக் கழுவினாலே பல போய்விடும். போகாதவற்றுக்கு மட்டுமே பாலிஷ்.

கோடையில் இங்கு வெப்பம் 40 பாகை செல்சியசை நெருங்கும். வெயிலில் நின்ற கறுப்புப் பானட் அதைவிட மிக அதிகச் சூட்டில் இருக்கும். அந்நிலையில் பொறியின் சூடும் சேர்ந்தால் காம்பவுண்ட் காய்ந்து தூளாகும், பூச்சு இளகும். நிழலில் நிறுத்தி, தகடு கை பொறுக்கும் அளவுக்குக் குளிர்ந்தபின் தொடங்குவதே முறை. சாலையோரக் கொட்டகைகளில் காலை வேளை இதற்கு உகந்தது.

தேர்வு செய்யும் முறை

முதலில் மென்மையான பேட், போதாவிட்டால் மட்டும் கடினமானது என்பதே அடிப்படை விதி. பானட்டின் ஒரு மூலையில் ஒன்றரை அடிச் சதுரம் எடுத்துக்கொண்டு பின்வருமாறு சோதிக்கலாம்:

1. நடுத்தரப் பஞ்சு பேட்டும் மென்மையான பாலிஷும் கொண்டு 1000 முதல் 1200 சுற்றில் சில முறை ஓட்டிப் பார்க்கவும்.
2. கீறல் போகாவிட்டால் பேட்டை மாற்றாமல் காம்பவுண்டை மட்டும் கடினமாக்கவும்.
3. அதிலும் போகாவிட்டால் கடினப் பஞ்சு பேட், கடைசியாகக் கம்பளி பேட். இவற்றுக்கு 1200 முதல் 1800 சுற்று போதும்.
4. கடினப் பேட்டில் வேலை செய்த இடம் முழுவதையும் மென்மையான பேட், நுண் பாலிஷ், குறைந்த வேகம் ஆகியவற்றால் முடிக்கவும்.

நகம் இடறும் கீறல் பெரும்பாலும் பாலிஷில் போகாது. அதை முழுவதும் அகற்ற முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். அதன் முனைகளை மழுக்கிக் கண்ணுக்குத் தெரியாமல் குறைப்பதோடு நிறுத்துவது நல்லது. பழைய வண்டி வாங்கியவர்கள் தடிமன் அளவியால் பார்த்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பானது. 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுபூச்சு, அதற்கும் பல மடங்கு காட்டினால் உள்ளே பட்டி இருக்கக்கூடும். மற்ற பாகங்களைவிட மிகக் குறைவாகக் காட்டினால் முன்பே தேய்க்கப்பட்டது என்று கருதி, கடினப் பேட்டைத் தவிர்க்க வேண்டும்.

விளிம்புகளிலும் மடிப்புக் கோடுகளிலும் பூச்சு விரைவில் தேயும் என்பதால் அங்கு ஒட்டுத்தாள் ஒட்டுவது வழக்கம். பேட்டின் சுழற்சி விளிம்பிலிருந்து வெளியே ஓடும்படி பொறியைப் பிடிக்க வேண்டும். உள்நோக்கி ஓடினால் பேட் விளிம்பில் மாட்டி இழுக்கும். பிளாஸ்டிக் பம்பர் இரும்புத் தகட்டைப் போலச் சூட்டைக் கடத்தாது. ஆகவே அங்கு மென்மையான பேட்டும் குறைந்த வேகமுமே பொருந்தும். தொங்கும் துண்டு, தளர்ந்த கைச்சட்டை ஆகியன பொறியில் சிக்கும். மின்கம்பியைத் தோளின் மேல் போட்டுக்கொள்வது நல்லது.

முடிவைச் சரிபார்த்தல்

காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறல்களை நிரப்பி மறைக்கும். அதனால் வண்டி எடுக்கும் நாளில் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு, இரண்டு முறை கழுவியதும் வெயிலில் வட்டக் கோடுகளைக் காட்டலாம். கறுப்பு, கருநீல வண்டிகளில் இது மிகத் தெளிவாகத் தெரியும். நீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் துடைத்து, நேர் வெயிலிலோ எல்.இ.டி. விளக்கிலோ பார்த்தால் உண்மை நிலை தெரிந்துவிடும். கோடுகள் இருந்தால் இன்னும் மென்மையான பேட்டால் அல்லது இரட்டை இயக்கப் பொறியால் ஒருமுறை முடிக்க வேண்டும். வேக்ஸ் அதன் பிறகே.

பராமரிப்பு

ஒரு பேட்டில் ஒரு காம்பவுண்ட் மட்டுமே பயன்படுத்த வேண்டும். சீவிய பூச்சும் காய்ந்த காம்பவுண்டும் பேட்டை அடைத்துக்கொள்வதால், ஒவ்வொரு பாகம் முடிந்ததும் தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்து, ஈரமாகிக் கனத்ததும் வேறு பேட்டுக்கு மாற வேண்டும். வேலை முடிந்ததும் மென்மையான சோப்பு நீரில் கழுவி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, மூடிய பெட்டியில் வைக்கலாம். விளிம்பு கிழிந்த, நுரை நொறுங்கிய, வெல்க்ரோ பிரிந்த பேட்டை எறிந்துவிடுவதே சிக்கனம். ஒரு புதிய பேட்டின் விலை, ஒரு கதவுக்கு மறுபூச்சு அடிக்கும் செலவில் சிறு பங்கே.