பிக்கப் வண்டியின் மூச்சுக்குழல்

ஒரு லிட்டர் டீசல் எரிவதற்கு ஏறக்குறைய 12 கிலோ காற்று வேண்டும். அதாவது, பங்கில் காசு கொடுத்து வாங்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் இனாமாகப் பத்தாயிரம் லிட்டர் காற்றை இஞ்சின் வானத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. எண்ணெய் விலை சற்று ஏறினாலும் ஊர் முழுவதும் அங்கலாய்க்கிற நாம், விலையில்லாமல் வருகிற காற்றைப் பற்றி ஒரு கணமும் சிந்திப்பதில்லை. அதைப் பற்றியே அல்லும் பகலும் சிந்தித்து, அதன் பொருட்டுப் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிற ஒரு ஜனக்கூட்டம் அமெரிக்காவில் உண்டு. டீசல் பிக்கப் வண்டிகளின் சொந்தக்காரர்கள்தாம் அவர்கள்.

அந்த நாட்டில் பிக்கப் என்பது வெறும் சரக்கு வண்டி அன்று. முன்னால் குடும்பம் உட்கார அறையும் பின்னால் திறந்த தொட்டியுமாக, வாரம் முழுவதும் வைக்கோல் கட்டுகளைச் சுமந்தும் குதிரைகள் நிற்கும் டிரெயிலரை இழுத்தும் திரிந்த அதே வண்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்த மெருகோடு மாதா கோவில் வாசலில் நிற்கும். அத்தகைய வண்டியைத் தம் கையாலேயே பிரிப்பதையும் பூட்டுவதையும் அங்குள்ளவர்கள் கௌரவக் குறைவாக எண்ணுவதில்லையாதலால், வண்டியோடு வந்த பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு கம்பெனிகள் அதே இடத்துக்கென்று செய்து விற்கிற பாகத்தைப் பொருத்திக்கொள்வது ஒரு பெரிய வியாபாரமாகவே வளர்ந்திருக்கிறது. டர்போவுக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாய்களும், அதிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் குழாய்களும் அந்த வியாபாரத்தில் பிரதானமானவை.

டர்போ என்பதன் மூலபுருஷர் ஆல்ஃபிரட் பூஹி என்ற சுவிட்ஸர்லாந்து தேசத்து என்ஜினீயர். இஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் உஷ்ணமும் வேகமும் கொழித்துக் கிடக்க, அதை ஆகாயத்தில் விட்டு விரயமாக்குவானேன் என்ற எண்ணத்துக்கு அவர் 1905-ல் பேடண்ட் பெற்றார். ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சக்கரங்கள். ஒன்றைப் புகை சுழற்ற, அதனோடு சேர்ந்து சுழலும் மற்றது வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, இஞ்சினுக்குள் திணிக்கும். 1920களில் ஜெர்மனியின் இரண்டு பிரயாணிக் கப்பல்களில் இந்த உபாயத்தைக் கையாண்டபோது, 1,750 குதிரைசக்தி தந்த இஞ்சின் 2,500 தந்தது. கப்பலில் ஆரம்பித்த அந்தச் சக்கரம் இன்று பிக்கப்பின் மூடிக்குள் ஒரு தேங்காய் அளவுக்குச் சுருங்கி, நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது.

அமெரிக்க பிக்கப்பில் டர்போ டீசலுக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது, 1989-ம் வருஷத்து டாட்ஜ் ராம் வண்டியில் இடம்பெற்ற 5.9 லிட்டர் கம்மின்ஸ் இஞ்சின். இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 1919-ல் தோன்றிய கம்பெனி அது. அந்த இஞ்சினின் இனத்தைச் சேர்ந்ததுதான், ஜாம்ஷெட்பூரில் டாட்டா கம்மின்ஸ் தொழிற்சாலையில் தயாராகி நம் நெடுஞ்சாலை லாரிகளை இழுத்துச் செல்வதும். 160 குதிரைசக்தியோடு அமெரிக்காவில் அறிமுகமான ராமின் கம்மின்ஸ், சற்றே பருத்த 6.7 லிட்டர் உருவத்தில், 2019-ல் 400-ஐ எட்டியது. இந்த வளர்ச்சிக்குக் காற்றை ஊட்டும் முறையில் ஏற்பட்ட அபிவிருத்தி ஒரு முக்கியமான காரணம்.

காற்று போகிற வழியை மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். அந்த ராம் வண்டியில் வலப்பக்கத்து ஃபில்டர் பெட்டிக்குள் நுழைந்து தூசியை விட்டொழித்த காற்று, ஒரு குழாய் வழியே டர்போவின் வாய்க்கு வருகிறது. அங்கே நெருக்குண்டு வெளிப்படும்போது அது கொதிக்கிறது; சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. சூடான காற்று விரிந்து நிற்பதால், அதே இடத்தில் பிராணவாயு குறைந்துபோகும். ஆகையால் 1991 முதல் ரேடியேட்டருக்கு முன்னால் இண்டர்கூலர் ஒன்றை வைத்து, காற்றை அதற்குள் செலுத்திக் குளிர்வித்து, இடப்பக்கமாக மேலே ஏற்றி, கொம்பு போல வளைந்த வார்ப்படக் குழாய் ஒன்றின் வழியாக இஞ்சினுக்குள் இறக்குகிறார்கள். கொம்பு என்றே அங்குள்ளவர்களும் அதைச் சொல்கிறார்கள். தொழிற்சாலைக் கொம்பு, அக்கம்பக்கத்தில் இருக்கும் குழாய்களுக்கெல்லாம் இடம்விட்டு ஒடுங்கிய வளைவு. வெளியார் விற்கும் கொம்போ, பருத்து, உட்புறம் வழவழப்பாக, வளைவு இதமாக இருப்பது.

இனி ஒரு சூட்சுமம். டர்போவுக்கு முந்திய பாதையும் பிந்திய பாதையும் வெவ்வேறு சுபாவம் உள்ளவை. முந்தியது உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஒரு நூலிழை இடைவெளி இருந்தாலும் ஃபில்டரைக் காணாத தூசி அதன் வழியே நுழைந்து, சக்கரத்தின் இறகுகளை அரித்து, சிலிண்டருக்குள் போய் ரிங்குகளைத் தேய்த்துவிடும். இதற்குச் சத்தமும் கிடையாது, அடையாளமும் கிடையாது. பிந்தியது அழுத்தமுள்ள பக்கம். அங்கே ஒழுக்கு இருந்தால் சீறல் கேட்கும், கரும்புகை தள்ளும், ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறும். கூச்சல் போடும் நோய்க்கு எல்லோரும் வைத்தியம் தேடுவார்கள். சப்தமில்லாத நோய்தான் இஞ்சினைக் கொல்லுகிறது. பளபளக்கும் அலுமினியக் கொம்புக்கு நூற்றுக்கணக்கான டாலரைக் கொடுத்துவிட்டு, ஃபில்டர் பக்கத்து ரப்பர் மூட்டைத் தடவிக்கூடப் பார்க்காதவரை நான் புத்திசாலி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பொருத்தும் காரியம் ஓர் அரைநாள் வேலை. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டீசல் பிக்கப்பில் பேட்டரி இரண்டு உண்டாகையால், இரண்டின் நெகட்டிவ் முனையையும் கழற்ற வேண்டும். ஒயர்களை விடுவித்து, எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியின் பிடிப்பு போல்ட்டைத் தளர்த்தி, கொம்பைத் தூக்கிய மறுகணமே, திறந்த வாயில் சுத்தமான துணியை அடைத்துவிட வேண்டும். நம் பட்டறைகளில் பனியன் வேஸ்ட் என்பார்களே, அது போன்ற நூல் பிரிகிற துணி இதற்கு உதவாது. கை தவறி உள்ளே விழும் ஒரு சின்ன நட்டு, டர்போவுக்குள் போனால் சக்கரத்தையும் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனையும் பதம் பார்த்துவிடும். கழற்றின போல்ட்டுகளை எண்ணி ஒரு தட்டில் வைப்பவரும், அடைத்த துணிகளை எண்ணி நினைவில் வைப்பவரும் பயப்பட வேண்டியதில்லை.

பழைய கேஸ்கட்டின் பிசிறைச் சுரண்டும்போது தூள் உள்ளே உதிராமல் பார்த்து, புதிய கேஸ்கட்டை வைத்து, போல்ட்டுகளைக் குறுக்கு முறையில், சொல்லப்பட்ட அளவுக்கு மட்டுமே டார்க் ரிஞ்சினால் முறுக்க வேண்டும். சிலிக்கான் ஹோஸ்களை மாட்டும் குழாய்முனையை விரலால் தடவினால் எண்ணெய்ப் பிசுபிசுப்பு தட்டுப்படும். டர்போ வழியாக வரும் எண்ணெய்ப் படலம் அது. பிரேக் கிளீனர் தெளித்து அதை வறட்டென்று துடைக்காமல் மாட்டினால், பாரம் இழுத்து மலையேறும்போது ஹோஸ் வெடிச்சத்தத்தோடு கழன்று பறக்கும்.

இவ்வளவு பாடுபட்டும் லாபம் எவ்வளவு? டீசல் இஞ்சினில் சக்தியை நிர்ணயிப்பது உள்ளே பீய்ச்சும் எண்ணெய்; காற்று ஏற்கனவே போதுமானதாக இருந்தால், அதை மேலும் கூட்டுவதால் குதிரைசக்தி பெரிதாக ஏறிவிடாது. ஆனால் எண்ணெயைக் கூட்டி டியூன் செய்த வண்டியிலும், பெரும் பாரத்தோடு மலைச்சாலை ஏறும் வண்டியிலும், அதிகக் காற்று புகையைக் குறைத்து, வெளிவரும் வாயுவின் உஷ்ணத்தைத் தணிக்கும். அந்த உஷ்ணம் 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நீடித்தால் பிஸ்டனுக்கு ஆபத்து என்பது மெக்கானிக்குகளின் பொது வாக்கு. ஃபில்டர் எவ்வளவு திணறுகிறது என்பதைக் காட்டும் ஒரு சிறு மானி பெட்டியின் மேலேயே இருக்கிறது. அது சிவப்பை நெருங்காதவரை, அந்தப் பக்கத்தில் இஞ்சினுக்கு மூச்சு முட்டவில்லை என்று பொருள். ஆயினும் ஆசை கணக்குப் பார்ப்பதில்லை. 2002-ல் கேல் பேங்க்ஸ் என்பவரின் குழு, கம்மின்ஸ் இஞ்சின் பூட்டிய டாட்ஜ் டகோடா பிக்கப் ஒன்றை, தன் டிரெயிலரைத் தானே இழுத்துவரச் செய்து, யூட்டாவின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 217 மைல் ஓட்டிக் காட்டியதை அந்த வண்டிக்காரர்கள் புராணமாகவே பேசுகிறார்கள்.

சட்டமும் நடுவில் நிற்கிறது. புகையைச் சுத்தம் செய்யும் ஏற்பாடுகளில் கைவைப்பதை அந்நாட்டுச் சுத்தக் காற்றுச் சட்டம் தடுக்கிறது. கலிபோர்னியாவிலோ, காற்றுப் பாதையில் மாற்றும் பாகத்துக்கு மாநிலக் காற்று வாரியம் தந்த உத்தரவு எண் வேண்டும். அந்த எண் அச்சிட்ட சீட்டை வண்டி மூடிக்குள் ஒட்டிவைத்தால், பரிசோதகர் அதைப் பார்த்துத் திருப்தியடைவார்.

எல்லாம் பூட்டியானதும் அடைத்த துணிகளை எண்ணி வெளியே எடுத்து, பேட்டரியை இணைத்து, இஞ்சினை ஓடவிட்டால் டர்போவின் ஊளை முன்னைவிடத் தெளிவாகக் கேட்கும். உண்மையைச் சொன்னால், பாதிப் பேர் பணம் கொடுப்பது அந்தச் சங்கீதத்துக்குத்தான். ஒரு நூறு மைல் ஓடியபின் வண்டியை ஆறவிட்டு, மூடியைத் திறந்து, ஒவ்வொரு கிளாம்பிலும் ஸ்பேனரை வைத்துப் பார்க்க வேண்டும். உஷ்ணத்தில் சிலிக்கான் படிந்து இளகியிருப்பதால், நட்டு இன்னும் அரைச் சுற்று திரும்பும்.