ஒரு நாளுக்கு 96 கட்டங்கள்

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடும் பருவத்தில் ஒரு யோசனை தவறாமல் தலைகாட்டும். மாணவர்களின் டைம்டேபிளைப் படித்து, காலியாக இருக்கும் நேரத்தைக் கண்டுபிடித்து, அதில் நடைப்பயிற்சி, தியானம், வாசிப்பு என்று எதையாவது வைத்துக்கொடுக்கும் செயலி. நல்ல யோசனைதான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம். ஆனால் முதல் வரி கோடு எழுதுவதற்கு முன், இதே வழியில் நடந்துபோன இரண்டு முயற்சிகளை உட்கார்ந்து படித்துவிட வேண்டும் என்பேன்.

முதலாவது டைம்ஃபுல் என்ற செயலி. ஸ்டான்ஃபோர்டில் செயற்கை நுண்ணறிவு கற்பித்த யோவ் ஷோஹாம், அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஜேக்கப் பேங்க், மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராயும் டான் ஏரியலி ஆகியோர் தொடங்கியது. 2014-ல் ஐபோனுக்கு வந்தது; மறு ஆண்டே கூகுள் அதை வாங்கிக்கொண்டது. 2016 ஏப்ரலில் அதன் தொடர்ச்சியாகக் கூகுள் காலண்டரில் ‘கோல்ஸ்’ என்றொரு வசதி முளைத்தது. ஓட வேண்டும், புத்தகம் படிக்க வேண்டும் என்று ஓர் ஆசையைச் சொன்னால் போதும். வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், காலையா மாலையா என்று மூன்றே கேள்விகள் கேட்டுவிட்டு, காலண்டரில் காலியாகக் கிடக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோய் வைத்துவிடும். அதே நேரத்துக்கு வேறு வேலை வந்து விழுந்தால் தானாகவே நகர்ந்து கொடுக்கும். அழகான வேலைப்பாடு. 2022 இறுதியில் அது நிறுத்தப்பட்டது.

கோல்ஸ் ஒன்றை நம்பியது: காலண்டரில் எழுதப்படாத நேரமெல்லாம் சும்மா இருக்கும் நேரம். கூட்டங்களைக் காலண்டரில் போட்டுவைக்கும் அலுவலக ஊழியருக்கு இது ஓரளவு பொருந்தும். நம் ஊர் மாணவிக்குப் பொருந்துமா? கல்லூரி பேருந்தில் ஒன்றரை மணி நேரம் வந்துபோகும் டே ஸ்காலரை நினைத்துக்கொள்ளுங்கள். டைம்டேபிளில் மாலை நாலு மணிக்குமேல் வெறுமைதான். ஆனால் நாலே காலுக்குப் பேருந்து கிளம்பிவிடும். ஆறு மணிக்கு வீடு. தங்கைக்குக் கணக்கு, அம்மாவுக்குக் கூடமாட உதவி, பிறகு ரெக்கார்டு நோட். ஹாஸ்டல் மாணவிக்கு வேறு கணக்கு. பல இடங்களில் பெண்கள் விடுதியின் கேட் ஆண்கள் விடுதிக்கு முன்பே மூடிவிடுகிறது. “மாலை ஏழு மணிக்கு மைதானத்தில் அரை மணி நேரம் நடக்கலாமே” என்று அவள் போனில் ஓர் அறிவிப்பு வந்தால், அந்தச் செயலியைச் செய்தவனுக்குத் தன் விடுதியின் கேட் நேரம் மட்டுமே தெரியும் என்றுதான் பொருள். அவனோடு படிக்கும் பெண்களில் ஒருவராவது அந்தக் குழுவில் இருந்திருந்தால் இந்தப் பிழை முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இரண்டாவது முயற்சியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹானோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது டார்ட்மத் கல்லூரி. அங்கே கணினி அறிவியல் பேராசிரியரான ஆண்ட்ரூ கேம்ப்பெல்லும் அவர் குழுவினரும் கேட்டது எளிய கேள்வி: ஒரே மாதிரிச் சுமையைச் சுமக்கும் மாணவர்களில் சிலர் தாக்குப்பிடிக்கிறார்கள், சிலர் ஒடிந்துபோகிறார்கள், ஏன்? 2013 வசந்தப் பருவத்தில் 48 மாணவர்களின் போன்களில் ‘ஸ்டூடண்ட்லைஃப்’ என்ற செயலி 10 வாரம் ஓடியது. வெளிச்சம், அசைவு, சத்தம், போன் பூட்டப்பட்டிருக்கும் நேரம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, எப்போது தூங்கினார்கள் என்று மதிப்பிட்டது. பக்கத்தில் பேச்சு நடக்கிறதா என்று கவனித்தது; என்ன பேசினார்கள் என்பதைப் பதிவு செய்யவில்லை. மனநிலையை அறிய நீளமான படிவம் நீட்டவில்லை. 16 படங்களைக் காட்டி, இப்போதைய மனதுக்கு எது நெருக்கமோ அதைத் தொடச் சொன்னது. சோர்ந்து கிடப்பவரிடம் வார்த்தை கேட்காமல் ஒரு தொடுதலோடு நிறுத்திக்கொண்ட அந்த நாகரிகத்தை நம் மாணவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கிடைத்த சித்திரம் எந்தக் கல்லூரி வாசலில் நின்று பார்த்தாலும் தெரிகிற ஒன்றுதான். பருவத் தொடக்கத்தில் நல்ல தூக்கம், நிறையப் பேச்சு, குறைந்த அழுத்தம். வாரங்கள் நகர்ந்து வேலைகள் குவியக் குவிய அழுத்தம் ஏறுகிறது. தூக்கமும் பேச்சும் நடமாட்டமும் இறங்குகின்றன. மனச்சோர்வுக்கான கேள்வித்தாளோடு ஒப்பிட்டபோது, குறைவாகத் தூங்கியவர்களிடமும், மற்றவர்களோடு குறைவாகப் பேசியவர்களிடமும் சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. எது எதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 48 பேர் சிறிய கூட்டம். ஆனாலும் பேச்சு என்ற அந்தச் சொல்லை நான் விடமாட்டேன். நலச் செயலி என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தனியாகச் செய்யும் காரியங்களையே பட்டியலிடுகிறார்கள்: தனியாகத் தியானம், தனியாக மூச்சுப் பயிற்சி, தனியாகத் தண்ணீர் குடிக்க நினைவூட்டல். மாணவர்களுக்கு நழுவிப்போவதோ மற்றவர்களோடு இருக்கும் நேரம்.

அப்படியானால் செயலி தேட வேண்டியது ஒருத்தியின் காலி நேரத்தை அல்ல, இரண்டு பேருடைய காலி நேரம் எங்கே ஒன்றோடொன்று பொருந்துகிறது என்பதை. இதற்கான நிரல் மிக எளிது. ஒரு நாளைக் கால் மணி நேரக் கட்டங்களாக வெட்டினால் 96 வரும். காலியென்றால் 1, இல்லையென்றால் 0. இரண்டு தோழிகளின் வரிசைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் 1 இருக்கும் கட்டங்களை மட்டும் எடுத்தால் வேலை முடிந்தது. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று: ஒருத்தி ஏன் காலியாக இல்லை என்று மற்றவளிடம் சொல்லத் தேவையே இல்லை. அரியர் எழுதப் படிக்கிறாளா, மருத்துவரிடம் போகிறாளா, படுத்துக்கிடக்கிறாளா, எல்லாமே 0 தான்.

கட்டங்களை எந்த வரிசையில் நிரப்புவது என்பதில்தான் செயலியின் குணம் இருக்கிறது. முதலில் தூக்கம். 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரமும், பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. முதலாண்டு மாணவருக்குப் பெரும்பாலும் 17, 18 வயதுதான். ஆகவே 32 கட்டங்களை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். இன்டர்னல் தேர்வு வந்தாலும் செயலி தானாக அதில் கைவைக்கக் கூடாது. அடுத்து மெஸ் நேரம், பயணம், கேட் நேரம். அதற்குப் பிறகு வகுப்பும் படிப்பும். மிஞ்சுவதை அப்படியே விட்டுவிட வேண்டும். தொடர்ந்து இத்தனை நாள் செய்தாய் என்று எண்ணிக்கை காட்டுவது, ஒரு நாள் தவறினால் சிவப்பில் எழுதுவது, இதெல்லாம் ஏற்கெனவே மதிப்பெண்ணுக்குப் பயந்து வாழும் பிள்ளைக்கு இன்னொரு மதிப்பெண் பட்டியல்.

மாணவர்களைக் கண்காணிப்பதற்குச் சட்டமும் குறுக்கே நிற்கிறது, நிற்கட்டும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிப்பதை அது தடுக்கிறது. ஸ்டூடண்ட்லைஃப் செய்ததை நம் முதலாண்டு வகுப்பில் அப்படியே செய்ய முடியாது என்றுதான் இதை நான் படிக்கிறேன். தூக்கக் கணக்கும் மனநிலைப் படமும் அந்தப் போனைவிட்டு வெளியே போகாமல் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். வார்டனுக்கோ துறைத் தலைவருக்கோ ‘அழுத்தத்தில் இருப்பவர்கள்’ என்று ஒரு பட்டியல் போகுமென்றால், எந்த மாணவியும் உண்மையான படத்தைத் தொடமாட்டாள். அவளுக்கு உதவி வேண்டுமென்றால் திரையின் ஓர் ஓரத்தில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் எப்போதும் இருக்கட்டும். தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். செயலி அவளுக்காக அழைக்க வேண்டாம்.

இவற்றையெல்லாம் செய்து பார்க்க கம்ப்யூட்டர்கூட வேண்டாம். கட்டம் போட்ட தாள்களை எடுத்து, ஒரு வாரத்துக்கு 96 கட்டம் வீதம் ஏழு வரிசை போட்டு, வகுப்பில் பத்துப் பேரிடம் கொடுங்கள். காலியான கட்டங்களில் மட்டும் பச்சை அடிக்கச் சொல்லுங்கள். தாள்களை ஜன்னல் கண்ணாடியில் இரண்டிரண்டாக ஒட்டி, வெளிச்சத்தில் பாருங்கள். வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு லேப் சீக்கிரம் விடுகிறது, பேருந்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இரண்டு தாளிலும் அதே மூன்று கட்டங்கள் பச்சையாகத் தெரியும். அந்த இரண்டு பேரிடம் அதைக் காட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று எதுவும் சொல்லாமல் வந்துவிடுங்கள்.