விதைநெல்லும் ஆமை முட்டையும்
ரெக்கவக் கடற்கரையில் ஓர் இரவு

ஆமை முட்டையை எவ்வளவு நேரம் அவித்தாலும் அதன் வெள்ளைக்கரு இறுகாது. கரையோரக் கிராமங்களில் வாழ்ந்த எமது பெரியவர்களுக்கு இது தெரியும். ஆமை இறைச்சிக் கறியின் சுவையை மறக்காதவர்களும் எம்மிடையே உள்ளனர். இலங்கையில் கடலாமைகளுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் 1972ஆம் ஆண்டு முதல் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால், சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு. நடுச்சாமத்தில் ஆளரவமற்ற கடற்கரையில் அது நடைமுறைக்கு வருவது வேறு. வீட்டில் அடுப்பு எரியாத ஒருவனுக்கு, மணலில் புதைந்து கிடக்கும் நூறு முட்டைகள் அன்றைய அரிசிக் காசு.

இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கண்ட ஊர் தெற்கே இருக்கின்றது. அம்பாந்தோட்டை மாவட்டத்தில், தங்காலை நகருக்குக் கிழக்கே சுமார் 10 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ரெக்கவ என்னும் கிராமமே அது. கடந்த சித்திரை மாதம், எமது விவசாயக் குடும்பங்கள் சிலவற்றுடன் அங்கு சென்று வந்தேன். அங்கு கண்டதையும் அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைதியான ஊர்

தங்காலை பெரிய நகரமல்ல. ஒரு மீன்பிடித் துறைமுகம், சந்தை, பஸ் நிலையம், தென்னைகளுக்கு நடுவே சிறிய தங்குமிடங்கள். இவைதான் கண்ணில் படுபவை. கொழும்பிலிருந்து பஸ்ஸில் நேரே போகலாம். 2019ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை மாத்தறையிலிருந்து பெலியத்த வரை நீடிக்கப்பட்டதால், பெலியத்தவில் இறங்கி அங்கிருந்து பஸ் பிடிக்கவும் முடியும். ரெக்கவவில் ஒரு களப்பும் அதைச் சூழக் கண்டல் மரங்களும் உண்டு. களப்புக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் மணற்கரையில்தான் ஆமைகள் ஏறுகின்றன.

பகலில் போனால் வெறும் மணலைத்தான் காண்பீர்கள். ஆமை இரவில் வரும்.

கரையேறும் தாய்

உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் ஐந்து வகைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. பேராமை, சிற்றாமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்பனவே அவை. ரெக்கவவுக்கு அதிகமாக வருவது பச்சை ஆமை என்றும் சொல்லப்படும் பேராமை. வருடம் முழுவதும் வரக்கூடுமாயினும், பங்குனி முதல் ஆனி வரையான மாதங்களில் வருகை கூடுதலாக இருக்கும்.

பேராமை முட்டையிடும் பருவத்தை அடைய இருபது, முப்பது ஆண்டுகள் செல்லலாம். அதன் பின்னரும் அது ஒவ்வொரு வருடமும் முட்டையிடுவதில்லை. பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வருடங்களுக்கு ஒரு முறைதான். வரும் வருடத்தில், ஏறத்தாழ இரு வாரங்களுக்கு ஒரு தடவையாகப் பல முறை கரையேறும். தான் பொரித்த கரையோரத்துக்கே தேடி வருவது அதன் இயல்பு. பிறந்த மண்ணைத் தேடுவது என்றால் என்னவென்று எம்மவருக்கு விளக்கத் தேவையில்லை.

அலை எட்டாத மேட்டுக்கு ஊர்ந்து வரும் ஆமை, முன் துடுப்புகளால் மணலை வீசி உடல் கொள்ளுமளவு பள்ளம் செய்யும். பிறகு பின் துடுப்புகளை மாறி மாறி உள்ளே விட்டு, குடம் போன்ற குழியைத் தோண்டும். அதற்குள் நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். அவை மேசைப்பந்து அளவில், மெல்லிய தோலுடன் இருக்கும். பின்னர் குழியை மூடி, இடம் தெரியாதபடி சுற்றிலும் மணலை இறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும். அதன் கண்களில் வடியும் நீரைப் பிரசவ வேதனைக் கண்ணீர் என்பார்கள். உண்மையில் அது உடலில் சேரும் மேலதிக உப்பை வெளியேற்றும் வழி.

எமது தவறு

இரவு எட்டு மணியளவில் காவலர்களின் கொட்டிலில் அமர்ந்தோம். ஆமை கரையேறியதும் காவலர் வந்து கூப்பிடும் வரை காத்திருப்பதே அங்குள்ள ஒழுங்கு. ஒன்பதரை மணிக்கு ஓர் ஆமை ஏறத் தொடங்கியது. எங்களோடு வந்த ஒருவர், ஆவல் மிகுதியால் முன்னே ஓடிச் சென்று கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துவிட்டார். ஆமை நின்றது. உடலைத் திருப்பி, முட்டையிடாமலே கடலுக்குள் இறங்கிவிட்டது. காவலர் எம்மை ஏசவில்லை. மணலில் பதிந்திருந்த தடத்தைக் காட்டினார். போன தடமும் வந்த தடமும் அருகருகே இருந்தன. எவரும் பேசவில்லை.

நள்ளிரவுக்குச் சற்று முன் இன்னோர் ஆமை வந்தது. இம்முறை நாம் இருட்டில் அசையாமல் இருந்தோம். முட்டையிடத் தொடங்கிய பின்னரே காவலர் எம்மைப் பின்புறமாக அழைத்துச் சென்றார். முட்டையிடத் தொடங்கிவிட்டால் ஆமை இலகுவில் எழும்பிப் போகாது. அதற்கு முன் சிறு வெளிச்சமும் அதைத் திருப்பிவிடும்.

முட்டை எடுத்தவர்களே காவலர்கள்

1990களின் தொடக்கத்தில் ரெக்கவக் கரையில் இடப்பட்ட ஏறத்தாழ எல்லாக் கூடுகளும் தோண்டப்பட்டன. முட்டைகள் உண்ணவும் விற்கவும் போயின. 1993இல் இலங்கையில் தொடங்கப்பட்ட கடலாமைப் பாதுகாப்புச் செயற்றிட்டம் என்ற தொண்டு அமைப்பு, 1996இல் இங்கு கூடுகளைக் காக்கும் பணியை ஆரம்பித்தது. காவலுக்கு வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவரவில்லை. முட்டை எடுத்து வாழ்ந்த அதே ஊரவர் பதினேழு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது.

இதில் எமக்கு ஒரு பாடம் உண்டு. எந்தத் தடம் புதியது, எந்தக் குழி பொய்க்குழி, எந்த இரவில் ஆமை வரும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவரும் இல்லை. அவர்களைக் குற்றவாளிகள் என்று தள்ளியிருந்தால், அந்த அறிவு முழுவதும் முட்டைத் திருட்டுக்கே பயன்பட்டிருக்கும். வயிற்றுக்கு வேறு வழி கிடைத்தபோது அதே அறிவு காவலாயிற்று. அவர்கள் காவல் காத்ததோடு, கூடுகளின் கணக்கையும் எழுதினார்கள். ஆமை பார்க்க வருவோர் கொடுக்கும் கட்டணமும் ஊருக்கு ஒரு வருமானமாயிற்று. 2006ஆம் ஆண்டில் இக்கரை சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

விவசாயிகளாகிய உங்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டவனைத் திட்டுவதால் அடுத்த போகம் விளையாது. அவனுக்குச் சாப்பாட்டு நெல் கிடைத்தால்தான் விதைநெல் குதிரில் மிஞ்சும்.

மணலிலா, தொட்டியிலா?

கொஸ்கொட போன்ற தென்மேற்குக் கரையோர ஊர்களில் ஆமைப் பொரிப்பகங்கள் பல உள்ளன. அங்கு முட்டைகளை விலைக்கு வாங்கி, வேலியடைத்த மணலில் புதைத்துப் பொரிக்க வைப்பார்கள். உண்ணப்படவிருந்த முட்டைகள் இதனால் தப்புகின்றன என்பது உண்மையே. ஆனால் அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. இட்டுச் சில மணி நேரம் கழிந்த முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு இறந்துபோகலாம். பொரித்த குஞ்சிடம் முதல் நாட்களில் கடலுக்குள் விரைந்து நீந்துவதற்கான பலம் இருக்கும். பார்வையாளருக்குக் காட்டுவதற்காக அதைத் தொட்டியில் நாட்கணக்காக வைத்திருந்தால், அந்தப் பலம் தொட்டியைச் சுற்றியே வீணாகிவிடும்.

மணலின் சூடும் முக்கியமானது. சூடு கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகம் பொரிக்கும். எனவே தாய் தெரிந்தெடுத்த இடத்திலேயே முட்டையை விட்டுவிட்டு, அவ்விடத்தைக் காப்பதே சிறந்தது. ரெக்கவவில் அதையே செய்கிறார்கள். ஐம்பது, அறுபது நாட்களில் குஞ்சுகள் பொரித்து, மணல் குளிர்ந்த இரவு வேளையில் ஒன்றாக மேலேறி, வெளிச்சமான திசையை நோக்கி ஓடும். இயற்கையில் அது கடலின் பக்கம். கரையில் மின்விளக்கு எரிந்தால் குஞ்சுகள் தெருவுக்கு ஓடி, நாய்க்கும் நண்டுக்கும் இரையாகும்.

போவோர் கவனத்துக்கு

இருண்ட நிற உடை அணியுங்கள். ரோர்ச் லைற்றும் கைத்தொலைபேசியும் பையில் இருக்கட்டும். ஆமையின் முன்னால் போகாதீர்கள். அதன் மேல் கை வைக்காதீர்கள். பிள்ளைகளை அதன்மேல் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். திரும்பும் நேரம் நள்ளிரவைத் தாண்டலாம் என்பதால், முச்சக்கரவண்டியை முன்கூட்டியே பேசி வையுங்கள். சில இரவுகளில் ஆமை வராது. அதற்காகக் காவலரைக் கோபிப்பதில் பயனில்லை.

எமது கரைகளில்

கடலாமை தெற்கிற்கு மட்டும் உரியதல்ல. கிழக்குக் கரையிலும் ஆமைகள் ஏறுகின்றன. வடக்கின் ஆழமற்ற கடலில், சாதாளை வளரும் இடங்களில் பேராமைகள் மேய்கின்றன. அழுங்காமையின் இறைச்சி சில வேளைகளில் நஞ்சாகி உயிரையே குடித்திருக்கின்றது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரையோரத்துக்குத் திரும்பிய குடும்பங்களும், திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களும் எம்மிடையே உள்ளன. நாளை உங்கள் கரைக்கும் சுற்றுலாத் திட்டமோ பாதுகாப்புத் திட்டமோ வரலாம். அப்போது கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்விகளைக் கேளுங்கள். காவல் வேலை யாருக்கு? கட்டணக் காசு யாருடைய கைக்குப் போகும்? இதுவரை அக்கரையை நம்பிச் சீவித்தவருக்கு மாற்று என்ன? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் ஆமையும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.

அன்றிரவு நாம் பார்த்த ஆமை கடலை அடைய அரை மணி நேரம் எடுத்தது. இடையிடையே நின்று மூச்சு வாங்கியது. முதல் ஆமையை விரட்டியவர்தான் கடைசி வரை நின்று, அது அலைக்குள் மறைவதைப் பார்த்துவிட்டு வந்தார்.