மாலை கோக்க நெற்பவளம்

ஒரு காலத்தில் பொன் நிறுக்க உதவிய குன்றிமணி இன்றும் வேலிகளில் படர்ந்து கிடக்கிறது. பிள்ளையார் சிலைக்குக் கண்ணாக வைப்பதோடு அதை நிறுத்திக்கொள்வது நல்லது. துளையிட்டு மாலை கோக்கக்கூடாது. அதன் பருப்பில் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. கெட்டியான மேல்தோல் அதைக் காத்து நிற்கிறது. துளையிட்டதும் அந்தக் காப்பு போய்விடும். குழந்தை ஒரு மணியை மென்று விழுங்கினால்கூட உயிருக்கு ஆபத்து நேரலாம். வாந்தி, பேதி தொடங்கப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். வீட்டில் பழைய குன்றிமணி மாலை இருந்தால் இன்றே அகற்றிவிடவும்.

மாலைக்கு ஏற்றது நெற்பவளம். மக்காச்சோளத்துக்கு உறவான இப்புல் வாய்க்கால் ஓரம் போன்ற ஈரமான இடங்களில் நன்கு வளரும். தழையை மாடு தின்னும். மணி வெளுத்தோ சாம்பல் நிறமாகவோ மாறிக் கெட்டிப்பட்ட பிறகே பறிக்க வேண்டும். இதற்குத் துளையிடும் வேலையே இல்லை. உள்ளே காய்ந்திருக்கும் காம்பை இழுத்துவிட்டால் ஊசி நுழையும். வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒத்த அளவுள்ள மணிகளைப் பொறுக்கிக் கெட்டி நூலில் கோக்கலாம். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். அடுத்த விதைப்புக்கு ஒரு பிடி மணியைக் காம்பு எடுக்காமல் தனியே வைத்துக்கொள்ளவும்.