பராமரிப்போரையும் பராமரிக்க வேண்டும்

'ஸ்கீசோபிரினியா' என வைத்தியர்கள் குறிப்பிடும் மனச்சிதைவு நோய், உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவரைப் பாதித்திருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் படும் துயரமோ பெரிதாகப் பேசப்படுவதில்லை.

பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலுமே இந்நோய் தலைகாட்டுகின்றது. குடும்பத்தைத் தாங்குவார் என எதிர்பார்க்கப்பட்ட பிள்ளை, பிறருக்குக் கேளாத குரல்களைக் கேட்கவும் உற்றாரையே சந்தேகிக்கவும் தொடங்கும்போது பெற்றோர் நிலைகுலைந்து போகின்றனர். மந்திரித்தல், ஓதிப் பார்த்தல், நூல் கட்டுதல் என மாதங்கள் கழிந்த பின்னரே பலர் வைத்தியசாலையை நாடுகின்றனர். பிரார்த்தனை மன ஆறுதலைத் தரும் என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆயினும், அதன் பொருட்டுச் சிகிச்சை தாமதமாகிவிடக் கூடாது.

எமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இந்நோய்க்கு இலவசமாகவே சிகிச்சை அளிக்கப்படுகின்றது. எனினும், கிளினிக் நாட்களில் பஸ் செலவும் கூலி இழப்பும், இரவில் உறக்கமின்றிக் காத்திருப்பதும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. இச்சுமையில் பெரும்பங்கு தாய்மாருக்கும் மனைவியருக்கும் உரியது. மகளின் திருமணம் குழம்பிவிடும் என அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள், நாளடைவில் நன்மை தீமைகளுக்கும் செல்லாது ஒதுங்கிவிடுகின்றன.

லண்டனில் ஜோர்ஜ் பிரவுணும் சக ஆய்வாளர்களும் 1972 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு கவனிக்கத்தக்கது. ஓயாத கண்டனமும் அளவுமீறிய தலையீடும் நிலவும் வீடுகளுக்குத் திரும்பிய நோயாளருக்கு நோய் மீண்டும் தீவிரமடைவது அதிகம் என அது எடுத்துக்காட்டியது. இதைக்கொண்டு குடும்பத்தினர்மீது பழி சுமத்துவது தவறாகும். வளர்ப்பு முறையால் இந்நோய் வருவதில்லை. களைப்பும் அறியாமையுமே பெரும்பாலும் கடுஞ்சொற்களாக வெளிப்படுகின்றன. எழும்பாமல், குளிக்காமல், பேசாமல் இருப்பது சோம்பல் அன்று, நோயின் கூறு என்பதை விளங்கிக்கொண்ட தாய் ஏசுவதைக் குறைத்துக்கொள்வார். மருந்துடன் குடும்பத்தினருக்கு நோய் பற்றிய விளக்கமும் அளிக்கப்படும்போது நோய் மீளத் தோன்றுவது குறைகின்றது என்பது பின்னைய ஆய்வுகள் பலவற்றின் முடிவாகும்.

எனவே, பராமரிப்பவரின் நலன் சிகிச்சையின் ஓர் அங்கமாகக் கருதப்பட வேண்டும். கிளினிக்கில் நோயாளியுடன் வருபவரிடமும் 'நீங்கள் உறங்குகிறீர்களா?' எனக் கேட்கப்பட வேண்டும். உறவினர்கள் வாரத்தில் ஒரு நாளாவது பொறுப்பேற்றால் அத்தாய்க்குச் சற்று ஓய்வு கிடைக்கும். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசிச் சேவையையும் நாடலாம்.

'எமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?' என்பதே முதிய பெற்றோரின் தீராத கவலை. அரசாங்கத்துடன் ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் இக்கேள்விக்குப் பதில் காண முன்வர வேண்டும்.